வரிசையில் நிற்க

வரிசையில் நிற்பது எனக்கு ஒரு பாரமே இல்லை, ஐயா. முதுகில் மூட்டை இல்லாமல் நிற்பதெல்லாம் எனக்கு ஓய்வுதான். அன்று காலை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றதும் அப்படித்தான். எனக்குக் கஷ்டமாக இல்லை. மாப்பிள்ளைக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

நீ சொல், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்றேன். பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார். சிரிக்கட்டும். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். இருவருக்கும் ஒரே சிமெண்ட் கிடங்கில் வேலை. அவர் மேஸ்திரி, நான் மூட்டை தூக்குகிறவன். அவர் என்னை மச்சான் என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டது கைநாட்டு என்று. "ஏய் கைநாட்டு, தண்ணி கொண்டா." "ஏய் கைநாட்டு, லாரி நிக்குது பாரு." புதிதாக வந்த டிரைவர்கள் அதுதான் என் பெயர் என்றே நினைத்தார்கள். கிடங்குக் கணக்கர் தாளை நீட்டும்போது அவர் கையெழுத்துப் போடுவார். கடைசி எழுத்தில் மாட்டு வால் மாதிரி ஒரு சுழி இழுப்பார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார். நான் விரலில் மையோடு நிற்பேன்.

அது போகட்டும். பட்டப்பெயரால் யாரும் சாவதில்லை.

போன வருஷம் எனக்கு அடிவயிற்றில் வலி வந்தது. வலப்பக்கம், ஊசி குத்துவது போல. சொன்னேன். "வாயுடா. சோம்பேறிக்குன்னே வர்ற வாயு. ரெண்டு நடை தூக்கு, தானா இறங்கும்" என்றார். தூக்கினேன். இறங்கியது வாயு இல்லை, நான்தான். லாரிப் பலகையிலிருந்து நேராகத் தரைக்கு. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் தங்கைதான் கூட இருந்தாள். அவளுக்கும் அப்போது இடது கையில் கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று டாக்டரிடம் சொன்னாள். அந்தக் குளியலறைக்கு விரல்கள் இருந்திருக்க வேண்டும். முழங்கைக்கு மேலே தடம் பதிந்திருந்தது. டாக்டரும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை.

நான் செய்தது அவளுக்காகத்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது.

அந்தப் படுக்கையில்தான் அவள் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். "சும்மா கூரையைப் பார்த்துட்டுக் கெடக்காதண்ணே. இந்தா, போடு" என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினாள். தலை நரைத்தவன் அனா ஆவன்னா போடுவதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒரே சிரிப்பு. வீடு திரும்புவதற்குள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிவிட்டேன். கிடங்கில் யாரிடமும் சொல்லவில்லை. மூட்டை மேல் அச்சடித்திருப்பதை முதுகில் ஏற்றுவதற்கு முன் மனசுக்குள் படித்துக்கொள்வேன். ஒரு நாள் கணக்கர் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "கோழி கிளறின மாதிரி இருக்கு. நீ கைநாட்டாவே இருந்திருக்கலாம்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தாளைத் தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். அதை நான் மட்டும் கவனித்தேன். அன்றிலிருந்து அவரையும் கவனித்தேன். சீட்டு வந்தால் "கண்ணாடி கொண்டு வரல, நீங்களே சொல்லுங்க" என்பார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. அந்தக் கையெழுத்து ஒன்றைத்தான் கோலம் மாதிரி வரையப் பழகி வைத்திருந்தார்.

அன்று காலை லாரியில் பாதி மூட்டை இறங்கியிருந்தது. மாப்பிள்ளை இடது கையைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "ஏய் கைநாட்டு, இதைக் கொஞ்சம் உருவி விடு." கிடங்கில் சுளுக்கு உருவுகிறவன் நான்தான். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இழுக்கிறது என்றார். மேல்வயிற்றில் கல்லை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது, சோடா குடித்தும் கேட்கவில்லை என்றார். தொட்டேன். சுளுக்குப் பிடித்த கை சூடாக இருக்கும். இது சில்லென்று, வேர்வையில் வழுக்கிக்கொண்டு இருந்தது.

"சுளுக்குதான் மாப்பிள்ளை. வயித்துல வாயு" என்றேன்.

அவரே எனக்குச் சொன்ன வைத்தியம்தானே. திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "அண்ணே, இவரு முகமே சரியில்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. பிள்ளையைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு நானும் ஓடியாறேன். நீ கூட இருந்தா எனக்குப் பயமில்ல."

கூட்டிக்கொண்டு போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று ஆஸ்பத்திரியில் நல்ல கூட்டம். எல்லோருக்கும் வயிறும் கையும்தான். மரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்த ஒருவர், கெட்டுப்போன மீனைத் தின்றுவிட்டுச் சுருண்டு கிடந்த புருஷன் பெண்டாட்டி, தையல் மிஷின் முன் குனிந்து குனிந்து தோள்பட்டை இறுகிப்போன ஒரு பெண். எங்களுக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். "வெளியே வரமாட்டேங்குது தம்பி, குடியிருக்கு" என்றார். மாப்பிள்ளை அந்த வலியிலும் விடவில்லை. "கல்லு உங்ககிட்ட இருக்கு, சிமெண்ட்டு எங்ககிட்ட இருக்கு. சேர்ந்தா ஒரு வீடே கட்டிடலாம்மா" என்றார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். ஊராரிடம் அவர் அப்படித்தான், தங்கமான மனுஷன்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்தார். எதிரே ஒரு போர்டு. அதை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஆயுசில் பாதிக்கு மேல் நானும் எழுத்தை அப்படித்தான் பார்த்தேன், மழை பெய்த சுவரைப் பார்க்கிற மாதிரி.

"மச்சான்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அன்றுதான் அந்த வாயில் அந்தச் சொல் வந்தது. காதில் சரியாக விழாதவன் போல இருந்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"மச்சான், அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்கு? கண்ணு இருட்டுது, கொஞ்சம் படி."

போர்டில் இப்படி இருந்தது. மேல்வயிற்று வலி, இடது கை வலி, அதிக வியர்வை உள்ளவர்கள் என்பது வரை மேல் வரிகள். அதற்குக் கீழே வரிசையில் நிற்க என்று ஒரு வரி. அதற்கும் கீழே, வேண்டாம், உடனே உள்ளே வரவும் என்று கடைசி வரி.

நான் நிறுத்தி, எழுத்துக் கூட்டிப் படித்தேன். "மேல்வயிற்று வலி... இடது கை வலி... அதிக வியர்வை உள்ளவர்கள்... வரிசையில் நிற்க."

அந்த இடத்தில் நிறுத்தினேன். நான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் போர்டில் இருந்தது, ஐயா. இல்லாத ஒரு எழுத்தை நான் சேர்க்கவில்லை.

"அப்படியா? அப்ப நம்மள மாதிரி ஆளுங்க நிறைய வருவாங்க போல" என்றார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. "பெருசா ஒண்ணும் இருக்காது, இல்ல மச்சான்?"

"ஒண்ணும் இருக்காது மாப்பிள்ளை. நில்லுங்க."

கல்லுக்கார அம்மா, "தம்பிக்கு வேர்த்துக் கொட்டுதே, முன்னாடி விடச் சொல்லவா?" என்று கேட்டார். மூட்டை தூக்குகிற உடம்பு, வேர்க்கத்தான் செய்யும் என்றேன். அந்த வழியாகப் போன நர்ஸ் என்ன செய்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "கையில சுளுக்கு, வயித்துல வாயு." நர்ஸ் போய்விட்டார். வரிசையில் இருந்த யாரும் போர்டைப் பார்க்கவில்லை. தினம் பார்க்கிற போர்டை யார் படிக்கிறார்கள்?

வரிசை நகர்ந்தது. அவர் நகரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார், என் வேட்டி நுனியைப் பிடித்தார். பிடி தளர்ந்த பிறகு நான் சத்தம் போட்டேன். நன்றாகவே சத்தம் போட்டேன். ஓடி வந்தார்கள், பாவம், என்னென்னவோ செய்து பார்த்தார்கள்.

தங்கை வந்தபோது துணி மூடியிருந்தது. கல்லுக்கார அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "உங்க அண்ணன் போர்டெல்லாம் படிச்சுச் சொன்னாரும்மா, வரிசையில நிக்கணும்னு. பாவம், இவரும் பேசாம நின்னாரு." தங்கை அழுகையை நிறுத்திவிட்டுப் போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல என்ன படிச்ச?"

"புதுசா படிக்கிறவன்தானே தங்கச்சி. கடைசி வரி கண்ணுக்குத் தெரியல" என்றேன்.

அவள் எழுந்து நடந்தாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபமில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள். கை வலிக்காமல் நாலு நாள் தூங்கி எழுந்தால் யாருக்காகச் செய்தேன் என்று அவளுக்கே புரியும்.

கடைசி வரி தெரியவில்லை என்று உங்களிடமும் சொன்னேன். அதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். போன வருஷம் எனக்கு வயிற்றுத் தையல் பிரிக்கப் போன அன்று ஆஸ்பத்திரியில் அதே சுவர் ஓரம்தான் நின்றோம். தங்கை என் விரலைப் பிடித்து அந்தப் போர்டில்தான் படிக்க வைத்தாள். மேல் வரிகளில் எல்லாம் தடுமாறினேன். கடைசி வரியின் முதல் சொல்லை மட்டும் ஒரே மூச்சில் சொன்னேன். வேண்டாம். எழுத்துக் கூட்டாமல் நானாகப் படித்த முதல் சொல் அது. கட்டுப் போட்ட கை என்பதையும் மறந்து அவள் கைதட்டினாள்.

அதை மறைத்தேன். அவர் சாவார் என்று தெரிந்தே மறைத்தேன். கேட்டது இதுதானே, எழுதிவிட்டேன்.

கைநாட்டு வைக்க மேஜையில் மை அட்டை எடுத்து வைத்திருக்கிறீர்கள், ஐயா. எனக்கு அது தேவையில்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கடைசி எழுத்தில் வால் கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது. தாளைத் திருப்பி, சிரித்த அந்தக் காவலரிடம் ஒரு தரம் காட்டுங்கள்.