படகு மட்டும் போற தீவு

...தீவுக்கு யாராவது இரும்புக் கட்டில் கொண்டுபோவாங்களா, நீங்களே சொல்லுங்க! ஐயோ, சொல்லவேணாம் சொல்லவேணாம், வாய மூடிடாதீங்க. ஆ... இன்னும் கொஞ்சம் பெருசா. ஆங், அவ்வளவுதான். ஊசி இப்பதானே போட்டேன், உதடு தடிச்ச மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. தலைய ஆட்டாதீங்க தம்பி, என் கையில கூரா ஒண்ணு இருக்கு.

இரும்புக் கட்டில்! மடக்குற கட்டில்தானாம், படகுல ஓரமா சாத்திக்கலாமாம். எங்க மாமியாருக்குத் தரையில படுத்தா முதுகு புடிச்சுக்கும். ஒத்துக்கறேன், வயசானவங்க, பாவம். ஆனா அவங்கள தீவுக்கு யாரு கூப்பிட்டா? நான் கேக்குறது அவ்வளவுதான். யாரு கூப்பிட்டா?

இந்தக் குழாய நீங்களே கொஞ்சம் புடிச்சுக்குங்க. எச்சில் உறிஞ்சுற குழாய்தான், ஒண்ணும் பண்ணாது. நாக்கு கிட்ட மட்டும் கொண்டுபோகாதீங்க, புடிச்சு இழுத்துடும். கூட வேலை பாக்குற பொண்ணு இன்னிக்கு லீவு. வாசல்ல உக்காந்து ஆளுங்கள வரிசையா அனுப்புறதும் அவதான், இங்க குழாய் புடிக்கிறதும் அவதான். அதனால இன்னிக்கு வர்றவங்க அவங்கவங்களே கதவத் தள்ளிட்டு வரவேண்டியதுதான்.

நீங்க எதிர்மாடிக்குப் புதுசா குடிவந்தவரு, எங்க வீட்டுக் கதை உங்களுக்குத் தெரியாது. முதல்லேருந்து சொன்னாத்தான் புரியும். சொத்தையும் ஆழமாத்தான் போயிருக்கு, நமக்கு நேரம் இருக்கு. மெஷின் போடறேன், சத்தமா இருக்கும். பரவால்ல, நான் கத்தியே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்குப் பேப்பர் அச்சடிக்கிற எடத்துல வேலை. ராத்திரி வேலை. அவரு வீட்டுக்குள்ள நுழையும்போது நான் கிளம்புவேன், நான் வீட்டுக்குள்ள நுழையும்போது அவரு கிளம்புவாரு. கல்யாணம் ஆனதுலேருந்து இதே பொழப்புதான். வாசப்படியில நின்னு அவரு சாவியக் குடுப்பாரு, நான் சாப்பாட்ட எங்க மூடி வச்சிருக்கேன்னு சொல்லுவேன், முடிஞ்சுது எங்க குடித்தனம். சிரிக்காதீங்க, அவருக்கு மீசை நரைச்சதையே யாரோ வீட்டுக் கல்யாண போட்டோவுல பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். ஏங்க, இது எப்பலேருந்துன்னு கேட்டா, ரெண்டு வருஷமா இருக்குங்கறாரு!

லீவு போடலாமேன்னு நீங்க கேப்பீங்க. வாய்ல பஞ்சு இல்லாட்டி கேட்டிருப்பீங்க. லீவு போட்டா மட்டும்? எங்க வீடு வீடா என்ன, சத்திரம்! அவரு ஒரு நாள் வீட்டுல இருக்காருன்னா எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ, அவரோட சித்தப்பா பையத் தூக்கிட்டு வந்து நிப்பாரு. அண்ணி வந்துடுவாங்க. அண்ணின்னா அவரோட அக்கா, நாலு தெரு தள்ளித்தான் வீடு. கூடவே அவங்க மருமகன், அந்த மருமகனோட செருப்பு போடாத புள்ளைங்க ரெண்டு. நான் சமையக்கட்டுல நின்னுக்கிட்டே இருப்பேன், அவரு நடுக்கூடத்துல அவங்க பஞ்சாயத்தக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. சாயங்காலம் ஆச்சுன்னா லீவும் தீர்ந்துடும்.

கொப்புளிங்க. ஆங், அந்தத் தொட்டியில துப்புங்க. கொஞ்சம் ரத்தம் வரும், பாக்காதீங்க. திரும்பச் சாஞ்சுக்குங்க.

அதுக்காகத்தான் தம்பி தீவு! தேடித் தேடிப் புடிச்ச எடம் அது. பாலம் கெடையாது, ரோடு கெடையாது, படகுல மட்டும்தான் போகணும். சனிக்கிழமை காலையில இறக்கி விட்டுட்டுப் போனான்னா திங்கக்கிழமைதான் படகுக்காரன் திரும்பி வருவான். நடுவுல கத்தினாலும் கதறினாலும் ஒருத்தரும் எட்டிப் பாக்கமாட்டாங்க. கடை இல்ல, கரண்ட் இல்ல, போன்ல ஒரு கோடு கூட வராது. குடிக்கிற தண்ணியக் கேன்ல சுமந்துட்டுப் போகணும், போட்ட குப்பைய நாமளே திரும்ப மூட்டை கட்டிட்டு வரணும். கக்கூஸ் ஒண்ணு இருக்கு, நாலு பலகை அடிச்சு, காத்து அடிச்சா கதவு தானா தொறக்குமாம். இதக் கேட்டா எந்தச் சொந்தக்காரன் வருவான் சொல்லுங்க? டென்ட் அடிக்க மொத்தமே ஆறு எடம்தான். அதுல ஒண்ண எங்களுக்குப் போட்டாச்சு.

ரெண்டு பேரு படுக்குற டென்ட்தான் வாங்கினேன். கடைக்காரரு மூணு பேருக்கானது வாங்கிக்குங்க, சாமான் வைக்கலாம்னாரு. சாமான் வெளிய கெடக்கட்டும்னுட்டேன்! இங்கதான், இந்த நாற்காலிக்குப் பக்கத்துல, மத்தியானம் ஆள் இல்லாதப்ப விரிச்சுப் பாத்தேன். பையப் பிரிச்சா படார்னு விரியுது. மடக்கினா மறுபடி பைக்குள்ள போகமாட்டேங்குது! பல்லு புடுங்குறது அதுக்கு எவ்வளவோ தேவல. கம்பி ஒண்ணு தெறிச்சு இந்த வெளக்குல பட்டுடுச்சு. அந்தக் கீறல் தெரியுதா, உங்க கண்ணுக்கு நேரா? அதுதான்.

அவரு மட்டும் சளைச்சவரா? மொட்டைமாடியில சின்ன ஸ்டவ்வ வச்சு, காத்துல அணையாம எப்படிப் பத்தவைக்கிறதுன்னு பாத்துட்டு, புருவத்தக் கருக்கிட்டு வந்து நிக்கிறாரு. மழை வந்தா டென்ட்டச் சுத்தி எந்தப் பக்கம் வாய்க்கா வெட்டணும், அலை பெருசா இருந்தா படகு வராது, அதனால ஒரு நாளைக்குக் கூடுதலா அரிசி கொண்டுபோகணும்... அப்படி இப்படின்னு வாசப்படியில நின்னு பேசிக்கிட்டே இருந்தோம் தம்பி. நான் வேலைக்கு லேட்டு. அவருக்குத் தூக்கம் சொக்குது. இருந்தும் பேசிக்கிட்டே இருந்தோம். அன்னிக்கு முழுக்க எனக்குச் சிரிப்பாவே வந்துது. ஒருத்தருக்குப் பல்லு புடுங்கும்போதுகூடச் சிரிச்சிட்டேன், அவரு கோச்சுக்கிட்டாரு.

அப்புறம்தான் இடி விழுந்துச்சு. போன வாரம் என் போன்ல ஒரு குரூப்பு வந்து நிக்குது. 'தீவுக்குப் போறோம்'னு பேரு! ஆரம்பிச்சது யாரு? அண்ணி. உள்ள யாரு? எல்லாரும்! மிச்சம் இருந்த அஞ்சு எடத்தையும் அண்ணி புடிச்சுட்டாங்க. தீவக் கண்டுபுடிச்சவ நான், என்னையக் கடைசியா சேத்துருக்காங்க! சித்தப்பா தினமும் காலையில ஆணி எப்படி அடிக்கணும்னு பாடம் எடுக்குறாரு, மனுஷன் வாழ்க்கையில காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிச்சதில்ல. மருமகன் அங்க மேட்ச் பாக்க வழியிருக்கான்னு கேக்குறாரு. மாமியாருக்குக் கட்டில்! படகுக்காரன் பாத்தா, என்னம்மா, வீடு மாத்துறீங்களான்னு கேப்பான்.

வலிக்குதா? இல்லல்ல? அப்ப ஏன் கண்ண உருட்டுறீங்க? இருங்க, இப்பதான் ஃபில்லிங் வைக்கிறேன். நனையக்கூடாது, அசையாம இருங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! இந்த விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நானும் அவரும். அப்ப சொன்னது யாரு? அவரு அக்காகிட்ட அவருதானே சொல்லியிருக்கணும்? நேரா கேட்டேன். நான் யார்கிட்டயும் மூச்சு விடல, அந்த அச்சு மெஷின் சத்தத்துல நான் யார்கிட்ட என்னத்தச் சொல்றதுங்கறாரு. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறாருன்னு நெனச்சேன். அன்னிலேருந்து பேச்ச நிறுத்திட்டேன். இருந்ததே வாசப்படிப் பேச்சு, அதுவும் இல்ல இப்ப. சாவிய அவரு நீட்டுறாரு, நான் வாங்கிட்டுப் போறேன். மூஞ்சியப் பாக்குறதில்ல. பாத்தா கோவம் போயிடும்ல!

என்ன தம்பி? கைய ஏன் நீட்டுறீங்க? என்னையவா காட்டுறீங்க? நானா? நான் என்ன பண்ணேன்? நான் சொன்னேங்கறீங்களா? நல்லாருக்கே! நான் வீட்டுலயும் சொல்லல, தெருவுலயும் சொல்லல, இங்க இந்த ரூமுக்குள்ளதான்...

இருங்க. இந்த நாற்காலியில உக்காந்தவங்ககிட்ட ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன். வாயத் தொறந்து வச்சிருக்கவங்க பயப்படாம இருக்கணுமேன்னு பேசுறதுதான். அண்ணி பக்கத்து வீட்டு டீச்சர் வேர் சிகிச்சைக்கு வந்தாங்க, அவங்களுக்கு ஸ்டவ் வரைக்கும் சொன்னேன். சித்தப்பாவோட நடைப்பயிற்சி சிநேகிதரு பல்செட்டுக்கு அளவெடுக்க வந்தாரு. அவருக்கு... ஆமா, எந்த எடத்துல படகு ஏறணும்னு சொன்னேன். நீங்களும் வாங்களேன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அவரும் தலையாட்டினாரு. ஆனா அவங்க வாயெல்லாம் மரத்துப்போயில்ல கெடந்துச்சு! அவங்க எப்படிப் போயி...

மரத்துப்போனது சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும்ல.

அடக் கடவுளே! ஊரெல்லாம் தண்டோரா போட்டது நான்! பாவம் தம்பி அந்த மனுஷன். நேத்துக்கூட சாவியக் குடுத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னாரு. நான்தான் விறுவிறுன்னு படியிறங்கிட்டேன்.

அண்ணிய நான் குத்தம் சொல்லலங்க. அண்ணி தங்கமானவங்க. இப்ப ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறாளே என் பொண்ணு, அவ பொறந்தப்ப மாசக்கணக்கா வந்து பாத்துக்கிட்டவங்க, அதெல்லாம் மறக்கமுடியுமா? ஆனா அவங்க வந்துட்டா அவரு அவங்களுக்குத் தம்பி ஆயிடறாரு. அத்தைக்கு மகன் ஆயிடறாரு. ரெண்டே ரெண்டு நாளு அவரு என் புருஷனா மட்டும் இருக்கணும்னு ஆசைப்பட்டேன். இது தப்பா? அண்ணிகிட்ட எந்த வாயால போயி, நீங்க வராதீங்கன்னு சொல்லுவேன்?

இந்த நீலத் தாளக் கடிங்க, ஃபில்லிங் உயரமா இருக்கான்னு பாக்கணும். கடகடன்னு கடிங்க. சரியாத்தான் இருக்கு. இன்னும் ஏன் கைய நீட்டிக்கிட்டே இருக்கீங்க? நான்தான்னு ஒத்துக்கிட்டேன்ல? என்ன... என்னைய இல்லையா? பின்னாடியா?

அண்ணி!

எப்ப வந்தீங்க அண்ணி? கதவு தொறந்தா இருந்துச்சு? உக்காருங்க, ஏன் நின்னுக்கிட்டு... கட்டில் பேச்சுலேருந்தா? கட்டில் பேச்சுலேருந்தே கேட்டீங்களா! ஐயோ, நான் தப்பா எதுவும்... தங்கமானவங்கன்னு சொன்னது காதுல விழுந்துச்சுல்ல? இந்தத் தம்பியக் கேளுங்க.

என்னது? வரவேணாமா? யாரு, நானா? நல்லாருக்கே நியாயம்! அது நான் கண்டுபுடிச்ச தீவு அண்ணி! டென்ட்டெல்லாம் வாங்கி வச்சு... அவரும் வரவேணாமா? எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு நீங்க மட்டும் எல்லாரையும் கூட்டிட்டு... அத்தையையுமா? கட்டிலோடவா? சித்தப்பாவையும், மருமகனையும்...

படகு திங்கக்கிழமைதானே வரும்.

அப்ப அதுவரைக்கும் வீட்டுல யாருமே இருக்கமாட்டாங்களா? ஒருத்தர்கூடவா? கதவத் தட்டக்கூட ஆள் இருக்காதா அண்ணி?

அண்ணி, எதுக்குக் கண்ணு கலங்குறீங்க? பல்லு வலியா? சரி சரி, பல்லு வலின்னே வச்சுக்கலாம். எனக்கும் அதே வலிதான். இருங்க, உங்கள முதல்ல பாத்துடறேன். தம்பி, நீங்க கொஞ்சம் எந்திரிச்சு...

தம்பி? எங்க போனாரு? பாருங்க அண்ணி, வாய்ல பஞ்சோட ஓடிட்டாரு! போகட்டும், சாயங்காலம் வரைக்கும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லமாட்டாரு.

நீங்க சாஞ்சுக்குங்க அண்ணி. ஒரு நிமிஷம், ஒரே ஒரு போன் போட்டுக்கறேன். தூங்கிட்டுத்தான் இருப்பாரு. பரவால்ல, எழுந்திருக்கட்டும்.

ஹலோ... நான்தாங்க. ஆமா, நானேதான் பேசறேன். இல்ல, சாவி எங்கிட்டதான் இருக்கு... ஒண்ணும் ஆகலங்க, பதறாதீங்க. என் தப்புதாங்க எல்லாம், வந்து சொல்றேன். வந்து... சனிக்கிழமை நாம தீவுக்குப் போகல. கோவத்துல சொல்லல, நெஜமாத்தான். அவங்க எல்லாரும் போறாங்க. நாம வீட்டுல இருக்கோம்.

ஆமாங்க, நாம ரெண்டு பேருதான்.