தொப்பியைக் கழற்றாத கான்ஸ்டபிள்

— சத்தியமாச் சொல்றேன் வினி, இன்னைக்கு என் வாயிலேர்ந்து வர்ற ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். வேணும்னா பைபிளைக் கொண்டா, கை வைக்கிறேன். செசிலைப் பத்தி எனக்கு ஒரு தகவலும் தெரியாது. கதவை முழுசாத் திற.

— மொதல்ல கையைக் கீழ இறக்குங்க ஹொரேஸ். தொப்பிகிட்டப் போகக் கூடாது.

— காது அரிக்குது.

— அரிக்கட்டும். என் புருஷனை ஒன்பது மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிருக்காங்க. மூணு மணிக்கு முன்னாடி யாரும் வரக் கூடாதுன்னுட்டாங்க. இந்த ஃபோனை வெறிச்சுப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கேன். இந்த நேரம் பார்த்து போலீஸ் உடுப்புல வாசல்ல வந்து நிக்கிறீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு?

— ஸ்டூடியோவிலேர்ந்து நேரா வர்றேன். என் காட்சி இன்னும் வரல. நீ தனியா இருப்பேன்னுதான் கிளம்பிட்டேன்.

— தனியா இருந்திருக்கலாம் நான். முப்பத்தஞ்சு வருஷமா சினிமாவில இதே வேலைதானே உங்களுக்கு? கான்ஸ்டபிள் கதவைத் தட்டுவார், தொப்பியைக் கழற்றுவார், “மன்னிக்கணும் அம்மா, கொஞ்சம் உட்கார்றீங்களா”ம்பார். அவ்வளவுதான், அந்த வீட்டுக்காரி விதவை. இந்த நாட்டுல உங்க மூஞ்சியைப் பாத்ததும் டீக் கோப்பையைக் கீழ வைக்காத பொம்பளை கிடையாது.

— நூத்திப் பதினாலு கதவு, குறிச்சுக்கோ. தொலைக்காட்சியையும் சேர்த்து. அதுல முப்பத்தொரு கதவு உன் செசிலுக்காகத் தட்டினது. அவன் படத்தோட முதல் பத்து நிமிஷத்துல கொலையாவான், பதினோராவது நிமிஷம் நான் வந்து சொல்லுவேன். அதனாலதான் இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காட்சியிலகூட நின்னதில்ல.

— நூத்திப் பதினாலு கதவு தட்டியும் ஒரு பதவி உயர்வு கிடையாது.

— சார்ஜென்ட் வேஷத்துக்கு உயரம் பத்தலைன்னுட்டாங்க.

— சரி, உள்ள வாங்க. ஆனா தொப்பி தலையிலயே இருக்கணும்.

— சமையல்கட்டுலகூடவா?

— குளியலறையிலகூட. உட்காருங்க. டீ இருக்கு, இப்பதான் போட்டேன்... ரஸ்டியைப் பாருங்களேன். இந்த நாய் உங்க கால்சட்டையைக் கவ்வாம விட்டதே இல்ல. இன்னைக்கு மேஜைக்கு அடியில போய் ஒடுங்கிக்கிச்சு.

— பதினாலு வருஷம் கழிச்சு சட்டத்துக்கு மரியாதை கத்துக்கிட்டிருக்கு.

— மீசை என்ன ஒரு பக்கம்தான் இருக்கு?

— இருபத்திமூணாம் நம்பர் பஸ்ல படியில நின்னுட்டு வந்தேன். காத்து. பசை முன்ன மாதிரி இல்ல இப்பல்லாம்.

— நல்லா இருக்கு போங்க. ஏதாவது பேசுங்க. நான் அந்த ஃபோனைப் பாக்காம இருக்கிற மாதிரி ஏதாவது.

— ஆர்தர் கதை சொல்லட்டுமா? என் முதல் படம். பேசாத படம் அது. செய்தியை எப்படிச் சொல்றதுன்னு டைரக்டர் தலையைச் சொறிஞ்சார். கடைசியில, “பேசாம தொப்பியைக் கழற்று, ஜனங்களுக்குப் புரியும்”னார். கழற்றினேன், புரிஞ்சுது. அன்னைக்கு மத்தியானம் சிகரெட் பத்த வைக்கத் தீப்பெட்டி இல்ல. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பொம்பளை திறந்தா. மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினேன், குறிச்சுக்கோ, வெறும் மரியாதைக்கு. அவ அப்படியே படியில உட்கார்ந்துட்டா. “ஆர்தரா?”ன்னு கேட்டா. இல்லம்மா, நான் நடிகன், தீப்பெட்டி வேணும்னேன். சிரிச்சா பாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். தீப்பெட்டியும் கொடுத்து, ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் கொடுத்தா. நான் குச்சியை உரசறேன், உள்ளேர்ந்து அலறல். ஆர்தர் மல்லாந்து கிடக்கிறான், கூண்டுக்குள்ள.

— கூண்டுக்குள்ளயா?

— ஆர்தர் கிளி. அம்பது வயசு.

— இது பொய்.

— கேக் பிரமாதமா இருந்துச்சு. அப்புறம் ஹெண்டன்ல பர்கிஸ்னு ஒருத்தன். பணக்கார அத்தை இருக்கா, ஒரே ஒரு தடவை அவ வீட்டு வாசல்ல வந்து தொப்பியைக் கழற்றுங்கன்னு கெஞ்சினான். வேலையில்லாத காலம் அது, போனேன், கழற்றினேன். அந்த அம்மா என்னை மேலேயும் கீழேயும் பாத்துட்டு, “தலை வாரக் கூடாதா?”ன்னு கேட்டுக் கதவைச் சாத்திட்டா. தெருமுனையில நின்னு வேடிக்கை பாத்துட்டிருந்தான் பர்கிஸ். அவன் தலையில ஒரு புகைபோக்கி விழுந்துச்சு. அத்தை தொண்ணூத்தி நாலு வயசு வரைக்கும் ஒரு தும்மல்கூடப் போடல.

— நீங்க சொல்றதுல பாதி புளுகு.

— எந்தப் பாதின்னு சொல்லு, அதை எடுத்துடறேன்.

— அதுதான் தெரியலையே. தெரிஞ்சா உங்களை வெறுந்தலையோட உள்ள விட்டிருக்க மாட்டேனா?

— ஒண்ணு மட்டும் கவனிச்சிருக்கேன் வினி. நான் செய்தியைக் கொண்டுபோறதில்ல. செய்திதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது. எந்தத் தெரு, எந்த வீடுன்னு எனக்குத் தெரியாது. கால் தானா நடக்கும். கதவைத் தட்டின பிறகுதான் எங்க வந்திருக்கேன்னே பாப்பேன்.

— இன்னைக்கு?

— என்ன இன்னைக்கு?

— இன்னைக்கு இங்க எப்படி வந்தீங்க? கால் தானா நடந்துச்சா?

— பஸ்ல வந்தேன்னு சொன்னேனே.

— ஹொரேஸ், கேளுங்க. நாடகக் கம்பெனியில நான் துணி தைச்சிட்டிருந்தப்போ ஒத்திகையில கடைசி வரியை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நாடகம் விளங்காதும்பாங்க. அதே மாதிரி வெச்சுக்குங்க. என் முன்னாடி நீங்க அந்த “மன்னிக்கணும் அம்மா” வரியைச் சொல்லக் கூடாது. இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே. சிரிக்காதீங்க. இருபத்தேழு வருஷமா அந்த மனுஷன் சினிமாவில செத்துச் செத்து சம்பளம் வாங்கிட்டு வந்திருக்கார். கத்தி, விஷம், ரயில், ஒரு தடவை முதலை. ஒவ்வொரு தடவையும் ஏழு மணிக்குச் சாப்பிட வீட்டுக்கு வந்துடுவார். இன்னைக்கும் வரணும்.

— சிரிக்கல. இந்தத் தொப்பிக்கு உள்பட்டை தைச்சது நீதானே. உன் பேச்சைக் கேக்காம இருக்குமா?

— தலை சின்னது உங்களுக்கு. ரெண்டு தடவை பிரிச்சுத் தைச்சேன். டீயைக் குடிங்க, ஆறிப்போய் ஏடு கட்டிடுச்சு.

— இருக்கட்டும். வாசனையே போதும்.

— எப்பவும் மூணு கோப்பை குடிக்கிற ஆளு... உடம்பு சரியில்லையா? தனியா கிடந்து என்னத்தைச் சாப்பிடறீங்களோ. உங்களுக்கு ஒண்ணுன்னா எந்தக் கதவைப் போய்த் தட்டுவாங்க?

— கனடாவில தங்கச்சி இருக்காளே.

— இத்தனை கிறிஸ்துமஸ் இங்கதான் சாப்பிட்டிருக்கீங்க. அவ ஒரு வாழ்த்து அட்டை போட்டு நான் பாத்ததில்ல.

— தபால் மெதுவா வர்ற ஊரு.

— ஃபோன் அடிக்குது.

— ஆமா. போய் எடு.

— நீங்க எடுங்களேன்.

— என்னால முடியாது வினி. போ, பயப்படாத.

— ஹலோ... ஆமா, மிஸஸ் ஃபென்விக்தான். சொல்லுங்க சிஸ்டர்... இருக்கேன், கேக்குது... ஆமா... ஆமா... முழிச்சுட்டாரா? நிஜமாவா?... என்ன கேக்கறார்? கிப்பர் மீனா? கொடுக்காதீங்க, என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாலும் கொடுக்காதீங்க... இல்ல, அழல... இல்ல, தனியா இல்ல. பழைய சிநேகிதர் ஒருத்தர் கூட இருக்கார். நன்றி சிஸ்டர். மூணு மணிக்கு வந்துடறேன்... ஹொரேஸ், கேட்டீங்களா? கண்ணைத் திறந்ததும் கிப்பர் மீன் கேட்டாராம். டாக்டர் இன்னும் இருபது வருஷம்னாராம்.

— முப்பத்திரெண்டாவது தடவையும் ஏமாத்திட்டான். சந்தோஷம் வினி. அவன் குரலை ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. பரவாயில்ல.

— சாயந்திரம் வாங்க, ஆஸ்பத்திரியிலயே கேட்டுக்கலாம். அட, இன்னும் ஏன் அந்தப் பாரத்தைத் தலையில வெச்சுட்டிருக்கீங்க? கழற்றுங்க கான்ஸ்டபிள். இனிமே அது வெறும் தொப்பி.

— கழற்றலாமா? நீயே சொல்றியா?

— நானேதான் சொல்றேன். தாராளமா.

— இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்... மன்னிக்கணும் அம்மா. கொஞ்சம் உட்கார்றீங்களா?

— போதும் விளையாட்டு. அவர்தான் பொழச்சுட்டாரே.

— செசில் ஃபென்விக்கைப் பத்தி இல்ல அம்மா.

— அப்புறம் யாரைப் பத்தி? என்னை ஏன் அப்படிப் பாக்கறீங்க? ஹொரேஸ்?

— இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு, ஒப்பனை நாற்காலியிலயே உயிர் போயிடுச்சு. வலி ஒண்ணும் இல்ல. மீசை ஒரு பக்கம்தான் ஒட்டியிருந்தாங்க. வயசு அறுபத்தெட்டு. கனடாவில தங்கச்சின்னு யாரும் கிடையாது. ஸ்டூடியோ படிவத்துல யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டிருந்த இடத்துல அவர் எழுதி வெச்சிருந்தது இந்த வீட்டு விலாசம்தான்.