உத்தமன் சார் அறைக்குப் போட்ட கூல் பல்பு

பல்பு மாற்றுவது ஒரு பெரிய வேலை இல்லை மேடம். ஸ்டூலைப் போட்டு ஏறினால் ரெண்டு நிமிஷம். நம்ம அபார்ட்மெண்டில் இருபத்து நாலு வீட்டுக்கும் நான்தான் மாற்றுகிறேன், ஒருத்தரும் குறை சொன்னதில்லை. அசோசியேஷன் செயலாளர் என்கிற முறையில் நீங்கள், சுதா மேடம், நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடு என்றீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நாற்பத்தாறு வயசில் வந்த எழுத்து.

பெயர் வேம்புலி. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இந்த மாதிரிக் காகிதத்தில் பேர் போடணுமாம். காலை ஏழிலிருந்து மூணு வரைக்கும் வானகரம் பைபாஸ் பக்கத்துக் குடோனில் மூட்டை இறக்குகிறேன். ராத்திரி ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும் நம்ம கேட்டில் வாட்ச்மேன். நடுவில் மிச்சம் இருக்கிற நேரத்தில் சாப்பிடுவேன், குளிப்பேன், பஸ்ஸில் நிற்பேன். இதில் தூங்குவது எப்போது என்று பதினொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கீழ்த்தளம் மூணாம் நம்பர் வீட்டு உத்தமன் சாருக்கு எழுபத்து நாலு வயசு. ஆவடி பாக்டரியில் போர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் பஞ்சவர்ணம் அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். மகன் கோகுல்நாத் சார் பூனாவில். ஒரு தடவை இருட்டில் பாத்ரூம் வாசலில் தடுக்கி விழுந்ததிலிருந்து சார் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதில்லை. குட்டியாக ஒரு மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு தலைமாட்டில் எரியும். சித்திரை மாசம் அது பியூஸ் போனது. என்னைத்தான் வாங்கிவரச் சொன்னார்.

குமணன்சாவடியில் டில்லிபாபு எலக்ட்ரிக் கடை. அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், நானே பெட்டியைத் தேடினேன். இங்கிலீஷ் எழுத்தை நான் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பெட்டியில் என்னமோ புரியாத வார்த்தை. இன்னொன்றில் கூல் என்று போட்டிருந்தது. கூல் எனக்கு ஜூஸ் கடை போர்டிலேயே பழக்கம். அந்த வெக்கையில் வயசானவர் படுக்கிற அறைக்கு எதை வாங்குவீர்கள், நீங்களே சொல்லுங்கள். பன்னிரண்டு வாட்ஸ் கூல் ஒன்று வாங்கிவந்து மாட்டினேன். அறை மீன் மார்க்கெட் மாதிரிப் பளிச்சென்று ஆனது. சார் சந்தோஷப்பட்டார்.

அதுவரைக்கும் நான் செய்தது தப்பு இல்லை. தவறுதல். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அன்றைக்கு ராத்திரி ஒரு மணிக்கு சார் லுங்கியோடு கேட்டுக்கு வந்தார்.

"என்னமோ தூக்கமே வரலய்யா வேம்புலி. ரூம்ல படுத்தா விடிஞ்சாப்ல இருக்கு."

"குந்துங்க சார்" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டேன். பாக்டரியில் மூணாவது ஷிப்ட் பார்த்த கதையெல்லாம் சொன்னார். எனக்குத் தலை மடிந்து மடிந்து விழுந்தது.

"நீ போய்ப் படுய்யா. பத்து நிமிஷம் நான் பாத்துக்கறேன்."

மீட்டர் ரூம் பின்னால் அட்டையை விரித்துப் படுத்தேன். எழுந்தபோது மணி அஞ்சரை. உலகத்தைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி இருந்தது மேடம். அன்றைக்குக் குடோனில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே மூட்டை இறக்கினேன் என்று மேஸ்திரி இன்றைக்கும் சொல்வார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். ரெண்டு வாரம் போனபிறகு மனசு கேட்கவில்லை, டில்லிபாபுவிடம் போனேன்.

"வயசானவரு. தூக்கம் வரலன்றாரு."

"இன்னா பல்பு போட்ட மாமே?"

"கூலு."

அவர் வாயில் இருந்த டீயை ஓரமாகத் துப்பிவிட்டுச் சிரித்தார். "யோவ், கூல்னா ஜில்லுனு இருக்கும்னு நெனச்சுகினியா? கூல்னா வெள்ளை வெளிச்சம்யா. அதுல நீலம் கலந்துகினு கீது. கண்ணுல பட்டா மூளை இன்னும் பொழுது போவலன்னு நெனச்சுக்கும். வயசானவங்களுக்கு ஏற்கெனவே கோழித்தூக்கம். அவுங்களுக்கு வார்ம்தான் போடணும். மஞ்சளா, மங்கலா. தலைமாட்டுல வேணாம், தரையோரமா வெச்சா பாத்ரூம் போவ வழியும் தெரியும், கண்ணுலயும் அடிக்காது."

"வார்ம்னா சூடு ஆவாதா?"

"பேருதான் வார்மு. அத்தோட சரி."

"சரி, பன்னெண்டு வாட்டுக்குப் பதிலா பதினெட்டு வாட்டு கூலு போட்டா?"

"அந்தாளு ஜென்மத்துக்கும் தூங்க மாட்டான். இன்னா, பழி வாங்கறியா?"

"சும்மா கேட்டேன் நைனா."

சும்மாதான் கேட்டேன். வார்ம் ஒன்று வாங்கினேன், அதை மறைக்கவில்லை. பதினெட்டு வாட்ஸ் கூலும் ஒன்று வாங்கினேன். எது எப்போது தேவைப்படும் என்று சொல்ல முடியாது இல்லையா.

வைகாசியில் சாருக்கு அந்த வெளிச்சம் பழகிப்போனது. ரெண்டு ராத்திரி கேட்டுப் பக்கமே வரவில்லை. மூணாம் நாள் நானே கதவைத் தட்டி, பல்பு மினுக்குது சார் என்றேன். "எனக்குத் தெரியலையே" என்றார். வயசானால் கண்ணுக்குத் தெரியாது சார் என்று சொல்லிப் பதினெட்டு வாட்ஸை மாட்டினேன். அன்றைக்குப் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார்.

நான் அவரை அம்போவென்று விடவில்லை. சுடச்சுட டீ வாங்கிக் கொடுத்தேன். கொசுவத்தி என் காசு. என் விசிலை அவர் கழுத்தில் மாட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், வேலைக்கு ஆர்டர் வந்த மாதிரி இருந்தது. தனிமையில் கிடக்கிற மனுஷனுக்கு நான் ஒரு பொறுப்பைக் கொடுத்தேன். பிள்ளைகூட அதைக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் பேத்தி நிஷா போனில் சொன்னதாம், மஞ்சள் வெளிச்சம் போடு தாத்தா, தூக்கம் வரும் என்று. என்னிடம் வந்து கேட்டார். "இதுக்கு ரெண்டு வருஷம் கேரண்டி கீது சார், நடுவுல கழட்டினா கேரண்டி பூடும்" என்றேன். போர்மேன் ஆச்சே, கேரண்டி என்றால் மரியாதை. "அப்ப கழட்டாதய்யா" என்று அவரே சொல்லிவிட்டார். வற்புறுத்தியது நான் இல்லை.

ஆனியில் சார் கொஞ்சம் இளைத்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். டீயில் உப்புப் போட்டுக் கலக்கினார். ஒரு விடிகாலை என் தோளைத் தொட்டு எழுப்பி, "பஞ்சவர்ணம், தயிர் உறைஞ்சுதா?" என்று கேட்டார். உறைஞ்சுது என்றேன். நிம்மதியாகப் போனார். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது.

போன சனிக்கிழமை விடிகாலை மூணு மணிக்கு ஏர்போர்ட்டிலிருந்து நீங்கள் வந்த கார் முன்னால் விசில் ஊதி, கேட் பாஸ் கேட்டது சார்தான். என்னை நீங்கள் அட்டை மேல் பார்த்தீர்கள். அன்றைக்கே பூனாவிலிருந்து கோகுல்நாத் சாரும் வந்து, அவரை டாக்டரிடம் கூட்டிப்போய், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு அவர் முழித்தாராம். ராத்திரியே இல்லாத மனுஷனுக்குக் கிழமை எப்படித் தெரியும். இப்போது ஞாபகமறதி நோய் என்று சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை திருமழிசைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடப்போகிறார்கள். வீட்டையும் வாடகைக்குப் பேசிவிட்டார்கள்.

அதற்காகத்தான் இந்த ஒப்புதல் வாக்குமூலம். சாருக்கு மூளையில் ஒன்றும் இல்லை மேடம். பல்பில்தான். கோகுல்நாத் சார் பின்பக்க லாட்ஜில் தங்கியிருப்பதால் அவருக்குத் தெரியாது, நான் திங்கட்கிழமையே அந்த வார்ம் பல்பை மாட்டிவிட்டேன், டில்லிபாபு சொன்னபடி தரையோரமாக. முதல் நாள் மூணு மணி நேரம் தூங்கினார். நேற்றைக்கு ஆறு மணி நேரம். இன்று காலையில் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு வியாழக்கிழமை, தண்ணி லாரி வர்ற நாளு, மோட்டரை ஏன்யா ஓடவிட்ட?" என்று திட்டினார். கேட்கவே நன்றாக இருந்தது. இந்தக் காகிதத்தை மகன் சாரிடம் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரை அனுப்பாதீர்கள். மனுஷனுக்கு வேண்டியது ஒரு மஞ்சள் வெளிச்சமும் நல்ல தூக்கமும்தான். தூக்கத்தைக் கெடுப்பது பாவம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இவ்வளவையும் எழுத மூணு ராத்திரி ஆகியிருக்கிறது. கையில் பேனா இருக்கும்போது கேட்டை யார் பார்த்தது என்று நீங்கள் கேட்பீர்கள். டியூட்டியில் நான் குறை வைக்கவில்லை. போன வாரம் அம்பத்தூரிலிருந்து உங்கள் வீட்டோடு வந்துவிட்டாரே உங்கள் மாமனார் அய்யாசாமி ஐயா, அவர் ரூமில் வெளிச்சம் பத்தலை என்று செவ்வாய்க்கிழமை நீங்கள்தானே என்னை அனுப்பினீர்கள். சார் அறையில் கழட்டின பதினெட்டு வாட்ஸ் சும்மாதானே கிடந்தது. தங்கமான மனுஷன். நாற்பது வருஷம் லேத்து ஓட்டினாராம், கதை நிறைய வைத்திருக்கிறார். இப்போது மணி இரண்டே கால். கேட்டில் குந்திக்கொண்டு, எழுதினது போதும், நீ போய்ப் படுய்யா என்கிறார். பெரியவர் பேச்சைத் தட்டக்கூடாது, படுக்கப் போகிறேன்.