செப்டம்பரில் கையுறை

நான் நின்றுகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் இந்த இடது கால் ஆட ஆரம்பித்துவிடும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படித்தான். இருபத்தொன்பது வருடம் வாகன உரிமத் தேர்வு நடத்தினேன். இந்த ஸ்கெர்ன் ஊர்ப் பக்கம் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கும் போட்டிருப்பேனோ என்னவோ. கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பியவர் யாருக்கும் நான் பாஸ் போட்டதில்லை.

நீங்கள் கேட்டது கையுறையைப் பற்றி. அன்று பத்தொன்பது டிகிரி, நல்ல வெயில், அப்புறம் எதற்குத் தோல் கையுறை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மூன்று வாரமாக இந்தக் காவல் நிலையத்தில் யாருக்கும் தோன்றாதது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. சொல்கிறேன், ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள்.

என் வலது தோள் தேய்ந்துவிட்டது. பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் கழுத்து வரை இடிக்கும். அந்த இடிக்குப் பயந்து விசையை அழுத்துகிற நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். போன நவம்பரில் அப்படி மூடிய ஒரு நொடியில்தான் முயலைக் குறி வைத்த ரவை தாழ்வாகப் போய், ஹோல்கருடைய நாய் மில்லேயின் இடது கண்ணில் பட்டது.

பார்த்தது ஹோல்கர் ஒருவன்தான். எங்கள் வேட்டைக் குழுவில் பதினொரு பேர். அவன்தான் தலைவன், நிலமும் அவனுடையது. நாயைக் கோட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தான். என்ன ஆச்சு என்று எல்லாரும் ஓடிவந்து கேட்டபோது, "முள்ளுப் புதருக்குள்ள பாஞ்சிட்டா, சனியன், சொன்னா கேக்குறாளா" என்றான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

ஆகஸ்டில் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி பிர்கிட் காபி வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்தான்.

"எக்ஸாமினர் சார், செப்டம்பர் கூட்டத்துல நீயே எழுந்து சொல்லிடு."

"என்னத்த?"

"என்னத்தயா? மில்லேக்கு ஒரு கண்ணு இல்லடா. நாளைக்கு ஒரு புள்ளைக்கு ஆச்சுன்னா? நீ சொல்லலன்னா நான் சொல்ல வேண்டி வரும். எனக்கு அது புடிக்கல, அதான் முன்னாடியே சொல்றேன்."

சொன்னால் குழுவில் என் இடம் போய்விடும். விதி அப்படி. அந்த விதியை எழுதியவனே நான்தான். முப்பத்தொரு வருடமாக அக்டோபர் தொடங்கிவிட்டால் எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கும். விடியும்போது கொட்டகையில் கூடுவோம், ஈரல் மசியல் தடவிய கறுப்பு ரொட்டி, ஆளுக்கொரு சிறு கிளாஸ் கசப்புச் சாராயம், பிறகு யார் எங்கே நிற்பது என்று சீட்டு எடுப்போம். மற்ற ஆறு நாளும் நான் அந்த ஒரு நாளுக்காக வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பவன். அதுவும் போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். இரண்டு வாரம் தோட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். புல்லில் தடம் விழுந்துவிட்டது என்று பிர்கிட் சொன்னாள்.

பிரச்சினை நானா, துப்பாக்கியா என்று யோசித்தபோது, துப்பாக்கிதான் என்று தெரிந்தது. அதனால் புதிது வாங்கினேன். அரைத் தானியங்கி. ஒரு குழல்தான். ஒன்று வெடித்ததும் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும், இடியில் பாதியை இயந்திரமே வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் பொறுமையான மனிதர். "கவனமா கேளுங்க ஐயா. இதுல மூணு போகும். மேகசின்ல ரெண்டு, குழல்ல ஒண்ணு. கடைசியும் போயிட்டா இந்தப் பக்கக் கதவு தொறந்தே நிக்கும். மூடியிருந்தா உள்ள ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்" என்றார். மூன்று முறை சொன்னார். எனக்கு ஒரு முறையே போதும்.

இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் கையில் வராது. எங்கள் குழுவில் எல்லாரும் இரட்டைக்குழல்தான். சுடாத நேரத்தில் நடுவில் மடித்துக் கை மேல் தொங்கப் போட்டிருப்போம். இரண்டு ஓட்டையும் வெறுமையாக இருப்பது பத்தடி தூரத்திலேயே தெரியும். எங்களுக்குள் மரியாதை என்பதே அதுதான். கால்வாய் தாண்டும்போது ஒருவன் முதலில் பலகையில் நடந்து அக்கரைக்குப் போவான். மற்றவன் மடித்த துப்பாக்கியை, தோளில் வைக்கும் கட்டைப் பக்கம் முன்னால் நீட்டிக் கொடுப்பான். குழல் கொடுப்பவன் பக்கமே இருக்கும். வெறுந்துப்பாக்கிதானே.

"வாயத் தொறந்து காட்டாத துப்பாக்கிய நான் நம்ப மாட்டேன்" என்று ஹோல்கர் எப்போதும் சொல்வான். எவனாவது தானியங்கி வாங்கப் போவதாகச் சொன்னால், "ஏன், கிழவியோட தையல் மெஷின் போதாதா?" என்று கொட்டகையே அதிரச் சிரிப்பான்.

நான் வாங்கியதைச் சொன்னதும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "தோளுக்கா?" என்றான். "ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துட்டு வா, பார்ப்போம்" என்றான். அது புதன்கிழமை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வண்டிக் கொட்டகையில் பழகினேன். புதுப் பொருள், கை பழக வேண்டும். வெறுந்துப்பாக்கியைத் தச்சு மேசையில் குழல் அந்தப் பக்கமாகக் கிடத்திவிட்டு, கட்டையைப் பிடித்து என் பக்கம் இழுப்பேன். பிர்கிட் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, எத்தனை தடவதான் எடுப்பீங்க? அது என்ன ஓடியா போயிடும்?"

"கை பழகணும்."

"கையுறையெல்லாம் எதுக்கு?"

பாருங்கள், உங்களுக்கு முன்னால் அவள் கேட்டுவிட்டாள். புதுத் துப்பாக்கி, வியர்வை பட்டால் கறை விழும் என்றேன். அவள் அதை உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நல்லவள்.

ஞாயிற்றுக்கிழமை ஹோல்கரின் கோதுமை நிலம், அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நின்றது. மில்லே வண்டியிலேயே இருந்தாள். வெடிச் சத்தம் என்றால் இப்போது அவளுக்கு நடுக்கம். கால்வாய் தாண்டிப் போய், நான் துப்பாக்கியை நிரப்பினேன். ஹோல்கர் அப்போது பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். எத்தனை என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. துப்பாக்கியை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் குறி பார்த்துச் சுட நான் களிமண் தட்டுகளை மேலே வீசினேன். முதல் தட்டு தூளானது. இரண்டாவதும் தூளானது. அவன் குறி அப்படி.

சுட்டதும் பழக்கத்தில் துப்பாக்கியை மடிக்கப் போனான். மடியவில்லை. "அட, இது மடியாதுல்ல" என்று தன்னைத்தானே பார்த்துச் சிரித்தான். முப்பத்தொரு வருடமாக அவன் கைக்குத் தெரிந்த கணக்கு இரண்டு வெடி, முடிந்தது. தலைக்கு மூன்று என்று தெரிந்திருக்கும். கைக்குத் தெரியாது. பக்கக் கதவு மூடியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் எப்போதும் பார்ப்பேன்.

திரும்பும்போது நான் முதலில் பலகையில் நடந்து இந்தக் கரைக்கு வந்தேன். பையிலிருந்து கையுறையை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டேன். ஹோல்கர் அக்கரையில் நின்று கட்டையை என்னிடம் நீட்டினான். உங்கள் அறிக்கையில், கனமான கையுறையின் பெருவிரல் விசை வளையத்துக்குள் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். மாட்டிக்கொண்டது. நாற்பது தடவையில் முப்பத்தெட்டு தடவை மாட்டும். எண்ணியிருக்கிறேன்.

இன்னொன்றும் அறிக்கையில் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டை என் கையில் இருந்தது, குழல் அவன் கையில் இருந்தது, அப்போது அவன் பேசினான்.

"நல்ல துப்பாக்கிதான்டா. இடியே இல்ல. கூட்டத்துல நீ ஒண்ணும் எந்திரிக்க வேணாம். மில்லே விஷயத்த நான் அப்படியே விட்டுடறேன். இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் அனுமதி கேக்குறேன், நம்ம எக்ஸாமினர் சாருக்குத் தோள் போயிடுச்சுன்னு சொல்றேன். அவனுங்க கேப்பானுங்க."

முழுவதும் கேட்டேன். பாதியில் குறுக்கிடவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. பிறகுதான் இழுத்தேன்.

ஏன் என்கிறீர்கள். அவன் இன்றைக்கு விட்டுவிடுகிறேன் என்பான், அடுத்த வருடம் மனசு மாறுவான். எனக்கு அந்த ஒரு வருடம் முழுக்க வீட்டுக்குள் நடக்கத் தெம்பில்லை. அதோடு, நேர்மையாகப் பேசினால், கையில் வாங்கும் எதையும் சோதித்துப் பார்ப்பது கையில் வைத்திருப்பவன் பொறுப்பு. ஒரு கதவைப் பார்த்தால் போதும். அவன் பார்க்கவில்லை. என் தேர்வில் அவன் பாஸாகியிருக்க மாட்டான். இந்த முறை கண் மூடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தோளில் துளிகூட இடிக்கவில்லை.

இவ்வளவுதான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மில்லேயை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன், அடக்கம் முடிந்த மறுநாள் ஹோல்கரின் மனைவி இங்கர் தானே கொண்டுவந்து விட்டாள். மதியத்துக்குள் நான் போய்ச் சோறு வைக்க வேண்டும். அப்புறம் அந்தத் துப்பாக்கி, உங்கள் அலமாரியில் எண்ணெய் போடாமல் கிடக்கிறது. எப்போது தருவீர்கள்? முதல் தேதி சனிக்கிழமை வருகிறது, குழுவில் எனக்கு இனி ஒரு தடையும் இல்லை. ஹோல்கரே அனுமதி கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.