இரண்டு பேருக்கு வந்த விசா

நீங்கள் கையில் பிடித்திருக்கும் அந்தப் படம் ஒட்டிய மட்டையை லமினேற் செய்தால் நல்லது, தங்கச்சி. மழை பட்டு ஓரமெல்லாம் ஊதிப்போயிருக்கிறது. பிள்ளையின் படத்துக்குக் கீழே எழுதிய பெயரில் கடைசி எழுத்தும் கரைந்துவிட்டது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் கவனித்தேன். கிளிநொச்சியில் அந்த வேலை செய்கிற கடை கட்டாயம் இருக்கும்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். வயது அறுபத்துமூன்று. உங்கள் பெயர் கிருஷ்ணவேணி என்று வீடியோவின் அடியில் போட்டிருந்தார்கள். காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் தெருவோரக் கொட்டிலில் வரிசையாக இருக்கிறீர்கள். நீங்கள் மூன்றாவது ஆள்.

போலீசிடம் பானை வழுக்கியது என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு அது போதும். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். நதீஷா. பதினாறு வருடம் காத்திருந்து நாற்பத்துமூன்று வயதில் பெற்றது. அவள் வயிற்றில் இருக்கும்போதே என் கணவர் அருள்நாயகம் கனடாவுக்கு வந்துவிட்டார். பிள்ளையைப் படத்தில்தான் பார்த்தவர். எங்களுக்கு விசா கிடைத்த நேரம் வன்னிப் பாதை பூட்டியாயிற்று. கடவுச்சீட்டு இரண்டையும் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு இடம் இடமாக ஓடினேன். மே மாதம், கடற்கரையில், பதுங்குகுழிக்குள் நதீஷா போய்விட்டாள். செல் குண்டு விழவில்லை. வெறும் காய்ச்சல். மணலைத் தோண்டுவது எவ்வளவு இலேசு என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இரண்டாம் நாள் சனத்தோடு சனமாக வெளியே வரும்போது, ஒரு பனையடியில் உங்கள் மகள் நின்றாள். நீலச் சட்டை. அழவில்லை.

“அம்மா எங்க?” என்று கேட்டேன்.

“தண்ணிக்குப் போட்டா. இதில நில் எண்டவா.”

“வா, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

“ஆர் கூப்பிட்டாலும் போகாதை எண்டவா.”

மூன்று வயதில் எவ்வளவு தெளிவு. நல்லாக வளர்த்திருந்தீர்கள். “அம்மாதான் என்னை அனுப்பினவா” என்றேன். கையைத் தந்துவிட்டாள்.

விசா இரண்டு பேருக்கு வந்திருந்தது. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒரு கடவுச்சீட்டு சும்மா கிடந்தது. ஒரு பிள்ளை தனியே நின்றது.

அகதி முகாமில் ஒலிபெருக்கியில் உங்கள் குரலைக் கேட்டேன். மூன்று நாள் வந்தது. “யாழிசை, மூண்டு வயசு, நீலச் சட்டை. அம்மா தண்ணித் தாங்கியடியில நிக்கிறன் குஞ்சு.” தண்ணீர்த் தாங்கி எங்கள் தறப்பாள் கூடாரத்தில் இருந்து பார்த்தால் தெரியும். நீலச் சட்டையை நான் வந்த அன்றே அடுப்பில் போட்டுவிட்டேன். தலைமயிரையும் ஒட்ட வெட்டியிருந்தேன், பேனுக்காக. முதல் நாள் உங்கள் குரல் கேட்டதும் பிள்ளை எழும்பி நின்று “அம்மா” என்றது. “ஓம், அம்மா இஞ்சதான்” என்று மடியில் இருத்தினேன். இரண்டாம் நாள் தலையை மட்டும் திருப்பியது. மூன்றாம் நாள் விளையாடிக்கொண்டிருந்தது.

அந்தக் குரல் மட்டும் என்னோடு விமானம் ஏறிவிட்டது. பஸ்ஸில் அடுத்த தரிப்பிடத்தின் பெயர் சொல்லும்போது அதற்குப் பின்னால் வரும். றிச்மண்ட் ஹில் கோயிலில் பிழையாக நிறுத்திய காரின் இலக்கத்தை வாசிப்பார்கள், அதற்குள்ளும் வரும். பதினேழு வருடமாக நீங்கள் தண்ணீர்த் தாங்கியடியிலேயே நிற்கிறீர்கள்.

என் கணவர் விமான நிலையத்தில் பிள்ளையைத் தூக்கி, “கண் அப்பிடியே என்ர அம்மாவின்ர கண்” என்றார். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தும் அவளைத் தோளில் ஏற்றுவார். நாலு வருடத்துக்கு முன், சாகக் கிடந்தபோது ஒருநாள் கேட்டார்.

“எங்கட பிள்ளையை எங்க மண்ணுக்க தாட்டனீர்?”

“என்னப்பா அலட்டுறியள்?”

“சும்மா கேட்டன்.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, “இவளையும் நல்லாத்தான் வளர்த்தனீர்” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதை இல்லை.

உண்மையில் நல்லாகத்தான் வளர்த்தேன். நீச்சல், வீணை, கணக்குக்கு ரியூசன். ஒருநாளும் கை நீட்டியதில்லை. சனம் மட்டும், “பிள்ளை உங்கட சாயல் இல்லையே அன்ரி” என்று சொல்லும். அவள் சிரிப்பாள். “நான் அப்பான்ர சைட். அம்மா ச்சும்மா சமைக்கிறதுக்குத்தான்.”

இந்த வருடம் அவள் ‘கனடாத் தமிழ் எழிலரசி’ போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். வேண்டாம் என்றேன்.

“இது நஷனல்ஸ் ம்மா. வன்கூவர், மொன்றியல், கல்கரியில இருந்தெல்லாம் வருகினம். நான் ஃபைனலிஸ்ற். நீங்க சந்தோசப்படக் கூடாதா?”

சந்தோசம்தான். ஆனால் அந்தப் போட்டியில் ஒரு சுற்று இருக்கிறது. பிள்ளைகள் தாயின் கூறைச் சேலையை உடுத்து வரவேண்டும். பின்னால் பெரிய திரையில் தாயின் இருபது வயதுப் படமும் மகளின் படமும் பக்கம் பக்கமாக வரும். ஒழுங்கு செய்கிற றொய்சன் என்ற பெடியன் எனக்கு ரெலிபோன் எடுத்தான்.

“அன்ரி, உங்கட இளமைப் படம் ஒண்டு வேணும்.”

“படம் எல்லாத்தையும் வன்னியில விட்டிட்டு வந்தனாங்கள் தம்பி.”

“அப்ப இன்னும் நல்லது. உங்களையே மேடையில ஏத்துவம். உலகம் முழுக்க லைவ் போகுது அன்ரி.”

அவளுடைய முகத்தோடு பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. கீழே கிளிநொச்சியில் இருந்து யாரோ எழுதியிருந்தார்கள்: ‘எங்கட கிருஷ்ணவேணி அக்காவை இருபது வயசில பார்த்த மாதிரி இருக்கு.’ கூடவே உங்கள் வீடியோவையும் போட்டிருந்தார்கள். அவளுடைய சிநேகிதி செரீனா எங்கள் சோபாவில் இருந்து அதை உரத்து வாசித்தாள்.

“நதீ, உனக்கு ஊரில ஒரு டபிள் இருக்காம்.”

இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். நான் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சிரிப்பதை நிறுத்தினாள். போனை என்னிடம் கொண்டுவந்தாள்.

“பதினேழு வருசமா இருக்கிறாவாம் ம்மா. இப்பிடியே வெயிலுக்க. மேடையில எனக்குக் கேள்வி வந்தா இவவைப் பற்றித்தான் சொல்லப்போறன். அந்தக் குட்டிப் பிள்ளேன்ர படத்தையும் ஸ்கிறீனில போடச் சொல்லப்போறன். ஆராவது பார்த்துக் கண்டுபிடிச்சாலும்.”

அவள் உங்களைப் பார்த்தாள், தங்கச்சி. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்குத்தான் தோன்றியது. நெற்றி, நாடி, பேசும்போது ஒரு பக்கம் கோணும் உதடு. உங்கள் முகத்தில் இருந்து வெயிலையும் வயதையும் கழுவிவிட்டால் அவள்தான்.

நான் அவசரப்படவில்லை. முதலில், ஓட்டத்திலும் விடாமல் கொண்டுவந்த என் கூறைச் சேலையை ஒளித்தேன். அவள் செரீனாவின் தாயிடம் ஒன்று வாங்கிவந்தாள். வியாழக்கிழமை மயங்கி விழுந்தேன். அம்புலன்சில் என்னோடு வந்து, ஆஸ்பத்திரியில் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். டொக்டர் ஒன்றுமில்லை என்றதும் என்னை வீட்டில் விட்டுவிட்டு ஒத்திகைக்குப் போய்விட்டாள். ஞாயிறு இறுதிப் போட்டி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சொன்னேன், “முகத்துக்கு ஆவி பிடி பிள்ளை. நாளைக்கு மேக்கப் நல்லா ஒட்டும்.”

“பாருங்க, கடைசியா நீங்களும் என்ர ரீமில வந்திட்டீங்கள்.”

பெரிய பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு மேசையில் வைத்தேன். கதிரையில் இருத்தி, தலைக்கு மேலால் துவாயை மூடினேன்.

“கண்ணை இறுக்கி மூடு.”

“மூடிட்டன் ம்மா.”

“இறுக்கி.”

“மூடிட்டன்.” துவாய்க்குள் இருந்து சிரித்தாள். “சூடா இருக்கு ம்மா.”

“கொஞ்சம் பொறு குஞ்சு.”

பிடரியில் கையை வைத்து அமத்தினேன். எவ்வளவு நேரம் என்று உங்களுக்குச் சொல்லலாம். உங்கள் குரல் ஒருமுறை முழுதாகச் சொல்லி முடிகிற வரைக்கும். யாழிசை, மூண்டு வயசு, நீலச் சட்டை. அம்மா தண்ணித் தாங்கியடியில நிக்கிறன்.

பிறகு நான்தான் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். நான்தான் அம்புலன்சுக்கு அடித்தேன். ஆறு வாரமாக ஆஸ்பத்திரியில் கதிரையிலேயே படுக்கிறேன். நேர்ஸ்மார் எல்லோருக்கும் என்னைத் தெரியும். இப்படி ஒரு தாயைக் கண்டதில்லை என்று ஒருத்தி சொன்னாள்.

நேற்று முகத்துக் கட்டை அவிழ்த்தார்கள். கண்ணாடி கொடுக்கவில்லை. அவள் என்னைக் கூப்பிட்டாள்.

“நான் இப்ப ஆரைப் போல இருக்கிறன்?”

“என்னைப் போல” என்றேன்.

அவள் வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அருள்நாயகம் திரும்பியது மாதிரி. அதுவும் எங்கள் பக்கத்துச் சாயல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கண் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் முதலே மூடச் சொல்லியிருந்தேன் அல்லவா. அந்த நேரத்திலும் அது ஒரு தாய்க்குத்தான் ஞாபகம் வரும்.

இனி வெயிலில் இருக்காதீர்கள், தங்கச்சி. அந்த மட்டையை மட்டும் லமினேற் செய்து கவனமாக வையுங்கள். அந்த முகம் இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது.