லீவு நாள் ஆம்லெட்

சார், ஒரு பார் நல்ல பாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதன் கழிவறைக்குள் போய்ப் பாருங்கள். வாளியில் தண்ணீரும் கதவில் தாழ்ப்பாளும் இருந்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாக இருக்கும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வருகிற சாலையில் எத்தனையோ பார்கள் உண்டு. தாழ்ப்பாள் இருப்பது எங்களுடையதில் மட்டும்தான். நானே வாங்கி வந்து மாட்டினேன்.

சுருக்கமாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அது வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பாரை ஏலம் எடுத்தவர் திருச்சியில் இருக்கிறார். நடத்துவது நான், முத்துசாமி. ஊரில் எல்லோரும் ஒயின்ஷாப் என்பார்கள், ஆனால் ஒயினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாட்டில் விற்பது அரசுக் கடை. அதை ஒட்டினாற்போல் உட்கார இடம், டம்ளர், தண்ணீர், தொட்டுக்கொள்ள ஏதாவது, இவ்வளவுதான் எங்கள் பாடு. நான் குடிப்பதில்லை. வாசனையே ஆகாது.

சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் டிரைவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். புருவம்வரை வெள்ளைத் தூசி இருக்கும். முகம் கழுவ சோப்பு வைத்திருப்பேன். யார் சுவரில் சாய்ந்து உட்காருவார், யாருக்கு முட்டையில் வெங்காயம் ஆகாது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நல்ல பாருக்கு உயிர் இதிலெல்லாம் இல்லை. வந்தவரிடம் ‘இல்லை’, ‘முடியாது’ என்ற சொற்களைச் சொல்லவே கூடாது. சுண்டல் தீர்ந்து போயிருக்கும். கேட்பார்கள். ‘இதோ’ என்பேன். கொஞ்ச நேரத்தில் வேர்க்கடலையைக் கொண்டுபோய் வைப்பேன். கேட்டதை அவர்களே மறந்திருப்பார்கள்.

அமாவாசை அப்படி வந்து பழகியவர்தான். டிப்பர் ஓட்டினார். சத்தம் போட மாட்டார், சண்டைக்குப் போக மாட்டார், போகும்போது நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். அப்படி ஒரு மனிதரை எந்த பாரிலும் பார்க்க முடியாது. வண்டியை ஒருமுறை பள்ளத்தில் இறக்கிவிட்டார் என்று குவாரியில் வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு. அதற்குப் பிறகு இன்னும் கூடுதலாகக் குடித்தார்.

அவர் மனைவி ராசாத்தி பொங்கலுக்கு முந்தின வாரம் பாரின் பின்வாசலில் வந்து நின்றாள். முன்வாசலுக்குப் பெண்கள் வருவதில்லை. கையில் ஒரு பொட்டலம். பெரம்பலூரில் யாரோ ஒரு வைத்தியர் கொடுத்த மாத்திரையைப் பொடித்து வைத்திருந்தாள். சோற்றில் கலந்து கொடுத்தால் குடி வெறுத்துவிடுமாம். அப்படிப் பொடி கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அமாவாசை வீட்டில் கைநனைப்பதில்லை.

“வூட்ல ஒரு வாய் திங்க மாட்டேங்கிறாருண்ணே. ஒங்க கையால குடுத்தா திம்பாரு” என்றாள்.

பிறகு ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னாள். இந்த மருந்து உள்ளே போன பிறகு சாராயம் சொட்டுக்கூட இறங்கக் கூடாது, இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் சொன்னாராம். அதனால் நாள் பார்த்துத்தான் வந்திருந்தாள். திருவள்ளுவர் தினத்தன்று கடை லீவு. அன்றைக்குக் கொடுத்துவிடுங்கள், சாயங்காலம் நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அப்புறம் என் அம்மா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கூடப் பிறக்காத அண்ணன் என்று சொல்லி அழுதாள். என்னால் முடியாதென்று சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

கடைக்குத்தான் லீவு சார். பாருக்கு லீவு கிடையாது. முந்தின நாளே பெட்டிகளை வாங்கி ஸ்டோர் ரூமில் அடுக்கிவிடுவோம். இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அவளுக்குத்தான் தெரியவில்லை. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தொழில் ரகசியத்தை அழுகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

அன்று மதியம் அமாவாசை வந்தார். பசி என்றார். ஆம்லெட்டை நானே போட்டேன். பொடி கசக்குமோ என்று மிளகைக் கூட்டிப் போட்டேன். நன்றாக இருப்பதாகச் சொல்லி இன்னொன்றும் கேட்டார். அதையும் சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து உட்கார்ந்தார்.

“முத்தண்ணே, ஒரே ஒரு குவாட்டர். குடிச்சிட்டு வூட்டுக்குப் போயிடறேன்.”

எனக்குத் தெரியும் சார். தெரியாது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ராசாத்தி சொன்னது அப்படியே காதில் இருந்தது. ஆனால் பக்கத்து மேசையில் நாலு பேர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு உண்டு, உனக்கு இல்லை என்று ஒரு மனிதனை எப்படி அவமானப்படுத்துவது? ‘இதோ’ என்றேன். கொண்டுவந்து ஊற்றினேன். தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகச் சேர்த்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

பாதி டம்ளரிலேயே முகம் சிவந்துவிட்டது. வியர்வை கொட்டியது. வாந்தி எடுத்தார். மேசையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நல்ல பாரில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. கைத்தாங்கலாக ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் படுக்கவைத்தேன், ஃபேன் போட்டேன், எலுமிச்சைச் சாறு வைத்தேன். தரையைக் கழுவிவிட்டேன்.

“நெஞ்சு அடைக்குதுண்ணே. ஆட்டோ கூப்பிடுங்கண்ணே” என்றார்.

பெரியாஸ்பத்திரி தூரமில்லை. வாசலிலேயே ஆட்டோ நிற்கும். ஆனால் அங்கே கொண்டுபோனால் லீவு நாளில் எங்கே குடித்தாய் என்று கேட்பார்கள். பாருக்கு சீல் வைப்பார்கள். அது மட்டுமா, ராசாத்தியின் பொடியும் வெளியே வரும், பாவம் அவள். அவளையும்தான் யோசித்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து மற்ற மேசைகளைக் கவனித்தேன். தண்ணீர் எடுக்க, பாட்டில் எடுக்க என்று உள்ளே போகும்போதெல்லாம் கேட்டார். பதில் சொல்லாமல் வரவில்லை. கடைசியாகப் போனபோது அவர் கேட்கவில்லை.

சாயங்காலம் சொன்னபடி ராசாத்தி வந்தாள். அவருக்குக் கட்டிக்கொள்ள ஒரு புது வேட்டியைப் பையில் வைத்திருந்தாள். பெஞ்சில் பார்த்ததும் கத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, “அவருக்கு சரக்கு எங்கண்ணே கெடச்சுது?” என்றாள்.

“தெரியலம்மா. எங்கேயோ குடிச்சிட்டுத்தான் வந்தாரு” என்றேன்.

உங்களிடமும் அன்றைக்கு அதையே சொன்னேன். அவளோ வீட்டுச் சோற்றில் தானே பொடி கலந்ததாகச் சொல்லிவிட்டாள். என் பேரை இழுக்கவில்லை. நல்ல அண்ணனுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது என்று நினைத்திருப்பாள். அதனால்தான் அவள் ஜெயிலில் இருக்கிறாள், நான் பாரில் இருந்தேன்.

நேற்று அவள் மகள் மணிமொழி வந்தாள். அவளும் அதே பின்வாசலில்தான் நின்றாள். “மாமா, அம்மாவை விடச் சொல்லி ஒங்களுக்குத் தெரிஞ்சதை ஸ்டேஷன்ல சொல்றீங்களா?” என்று கேட்டாள். மறுக்க முடியவில்லை. சரிம்மா என்றேன். அதனால்தான் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ராசாத்தியை விட்டுவிடுங்கள். பொடியைக் கலந்தது நான், அது தெரிந்தே ஊற்றிக் கொடுத்தது நான், கதவைச் சாத்தியது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உதவி கேட்டவருக்கு நான் மறுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள் சார், அது பொய். முடியாது என்று அமாவாசையிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் ஆட்டோ கேட்டபோதெல்லாம் ‘இதோ’ என்றுதான் சொன்னேன்.