பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன்

நேற்று சாயங்காலத்திலிருந்து இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சுவரில் ஆறு சுவிட்ச் இருக்கிறது. ஃபேன் போட வந்தவர்கள் எல்லோரும் முதலில் டியூப் லைட்டை அணைத்தார்கள், பிறகு வராந்தா விளக்கைப் போட்டார்கள், அப்புறம் வாய்க்குள் எதையோ திட்டிக்கொண்டே ஃபேனைக் கண்டுபிடித்தார்கள். நீங்களும்தான் சார். எந்த சுவிட்ச் என்று முதல் ஆள் தடவும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள், அது என் தொழில் பழக்கம்.

என் மனைவி கல்யாணி எழுதிக் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். அவள் அப்பா கோபாலகிருஷ்ணன் போன வாரம் மகாபலிபுரத்து வீட்டில் மாரடைப்பில் இறந்தபோது நான் கூடவே இருந்தேன், காப்பாற்ற ஒன்றும் செய்யவில்லை என்பது புகார். சரிதான். அந்த வீட்டில் வேலை செய்யும் சந்திரம்மா சொன்னதும் சரிதான். வக்கீல் வரட்டும் என்றீர்கள். வேண்டாம் சார். களைப்பாக இருக்கிறது. நடுவில் ஒருவர் புகுந்து நான் சொல்வதைத் திருத்திக்கொண்டிருந்தால் இன்னும் நேரமாகும்.

நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைனர். கம்ப்யூட்டரோ, ஃபோனோ, வேறு ஏதாவது பெட்டியோ, அதன் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதை அழுத்தினால் எது வர வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. பெண் பார்க்கப் போனபோது மாமாவிடம் இதை விளக்கினேன். அவர் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பட்டன் வைக்கிற வேலைன்னு சொல்லுங்க. டெய்லருக்குப் பொண்ணு குடுக்கறோம்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிடறேன்" என்றார். அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒன்றைச் செய்து முடித்ததும், அதை முன்பின் பார்த்திராத ஒருவரைக் கூட்டிவந்து உபயோகிக்கச் சொல்வோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் திணறினால் உதவக் கூடாது. முகத்தில் எதையும் காட்டக் கூடாது. "இதை அழுத்தட்டுமா?" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவோம்: நாங்கள் சோதிப்பது உங்களை இல்லை, இந்தப் பெட்டியைத்தான். நான் இங்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தெட்டில் நான் புதுசு. செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு டோக்கன் கொடுக்கும் தொடுதிரை செய்துகொண்டிருந்தோம். எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கிழவர் அதன் முன்னால் நின்றார். தொடவே பயம். நான் போய் அவர் விரலைப் பிடித்து அழுத்தவைத்தேன். கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு என் மேலாளர் ராஜாராம் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இந்த ஒருத்தருக்கு உதவிட்ட. நாளைக்கு வரப்போற ஆயிரம் பேரு பக்கத்துலயும் நீ நிப்பியா?" யோசித்துப் பாருங்கள் சார், உங்களிடமும் பதில் இருக்காது.

பழகிக்கொண்டேன். ஆட்கள் கையைப் பிசைவார்கள், அசடு வழிவார்கள், "எனக்குப் படிப்பு கம்மி சார்" என்று மன்னிப்புக் கேட்பார்கள். முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு விடுதிக்குச் செய்த வேலையில் ஒரு பெண்மணி அழுதேவிட்டார். தண்ணீர் கொடுத்தேன், எல்லாம் முடிந்த பிறகு. நாவலூரில் என்னைப் போல அசையாமல் உட்காரத் தெரிந்தவர் கிடையாது என்று சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கல்யாணி ஸ்கூட்டி கற்றுக்கொண்டாள். திருப்பத்தில் பயந்துபோய் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். முறுக்கப்போகிறாள் என்று மணிக்கட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. முட்டி பெயர்ந்து பல நாள் நொண்டினாள்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே?" என்றாள்.

"குடுத்திருந்தா உனக்கு எப்பவும் என் குரல் தேவைப்படும்."

அவள் எழுந்து நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஓர் உதவிப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவு, சுவரில் மாட்டுவது. உடம்புக்கு ஏதாவது ஆனால் அழுத்த வேண்டியது, எங்கேயோ ஓர் அறையில் மணி அடிக்கும், வண்டி வரும். மூன்று திரைகள். முதல் திரையில் சிவப்பாக 'உதவி'. இரண்டாவதில் வலியா, விழுந்துவிட்டீர்களா, வேறு ஏதாவதா. மூன்றாவதில் ஒரு கேள்வி: 'உண்மையிலேயே உதவி வேண்டுமா?' ஆம், இல்லை. அந்த மூன்றாவது திரை என்னுடையது. பேரப்பிள்ளைகள் விளையாட்டாக அழுத்திவிடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் வண்டி அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் புலம்பினார்கள். கேட்டுவிட்டால் தீர்ந்தது என்றேன்.

எங்கள் குழுவில் வைஷாலி என்று ஒரு பெண். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "சார், நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறவர்கிட்ட போய் நெஜமாவான்னு கேக்கறோமே. ஒரு மாதிரியா இல்ல?" என்றாள். மாதக்கணக்கில் இதே பேச்சு. அவளுடைய நியாயத்தைக் கேட்டுக் கேட்டே எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில், கேள்வி இருக்கட்டுமா போகட்டுமா என்று திங்கட்கிழமை தொலைபேசிக் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தது. போனால் மொத்த வேலையும் வைஷாலி கைக்கு மாறும் என்று அலுவலகத்தில் பேச்சு. அதற்காக நான் எதையும் செய்யவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் சிக்கல் வேறு. ஊரப்பாக்கத்தில் ஓய்வு பெற்றவர்களாகப் பார்த்து உட்காரவைத்து, "நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொண்டு அழுத்துங்கள்" என்போம். அவர்கள் சிரிப்பார்கள். ஒருவர் நாடகத்தில் சாகிற மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டினார். எல்லோரும் கேள்வியைச் சுலபமாகத் தாண்டினார்கள். அதை வைத்து என்ன நிரூபிப்பது? நடிக்கிறவர்களுக்குக் கை நடுங்காது.

அத்தை இறந்ததிலிருந்து மாமா மகாபலிபுரத்தில் தனியாகத்தான் இருந்தார். எங்களோடு வந்துவிடச் சொல்லிக் கல்யாணி நச்சரித்துக்கொண்டே இருந்தாள். தை மாதம் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினேன்.

"இதை அமுக்கினா யாரு மாப்ளே வருவா?"

"ஆள் வருவாங்க மாமா."

"பொண்ணு குடுத்ததுக்கு டெய்லர் ஒரு சட்டை தச்சுக் குடுத்துட்டார்" என்று சந்திரம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். கல்யாணி அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை அழைத்துவரும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். ஸ்கூட்டி விஷயத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணி ஒரு கல்யாணத்துக்குத் தாம்பரம் போயிருந்தாள். நான் மாமாவைப் பார்க்கப் போனேன். பக்கத்துச் சிற்பப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உளிச் சத்தம். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அதை மடித்து வைத்தார். "என்னமோ பண்ணுது மாப்ளே" என்றார். வெயில் ஏறாத நேரம், பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. இடது கையை உதறிக்கொண்டார்.

நான் எழுந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் சார், பாதி எழுந்தேன். கார் வாசலில் நின்றது. இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டர் இருக்கிறார். எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே அதை நோக்கி நடந்தார். இத்தனை வருஷத்தில் நடிக்காத ஒருவர் என் பெட்டியை நோக்கி நடந்து நான் பார்த்ததில்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

'உதவி'யைச் சரியாக அழுத்தினார். 'வலி'யையும் சரியாக. மூன்றாவது திரையில் நின்றார்.

"நெஜமாவான்னு கேக்குது மாப்ளே. என்ன சொல்றது?"

"உங்களுக்கு என்ன தோணுது மாமா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். குழம்பிப்போயிருந்தார். "கொஞ்சம் புடிங்களேன்" என்று கையை நீட்டினார்.

"நான் இங்க இல்லன்னு வச்சுக்கோங்க மாமா" என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். வாயில் வருவது அதுதான்.

விரல் நடுங்கி 'இல்லை'யில் பட்டது. திரை முதலுக்குப் போய்விட்டது. இரண்டாம் தடவையும் அதே மாதிரி. 'ஆம்', 'இல்லை' இரண்டும் மிக நெருக்கமாக இருந்தன. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். அவருக்குக் கால் மடங்கியது. தரையில் உட்கார்ந்தபடி கையை மேலே தூக்கி, தடவித் தடவி, மூன்றாம் தடவை 'ஆம்' அழுத்தினார். 'உதவி வந்துகொண்டிருக்கிறது. அமைதியாக இருங்கள்' என்று வந்தது. அதை எழுதியதும் நான்தான்.

அவர் அமைதியாக இருந்தார். சுவரில் சாய்ந்து, வாசல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வராங்களாம் மாப்ளே" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. பாவமாக இருந்தது. கண்ணில் நீர்கூட வந்தது எனக்கு. ஆனால் சோதனைக்கு வந்தவர் முடித்துவிட்டேன் என்று சொல்லாமல் சோதனையை நாமாக முடிக்கக் கூடாது. அவர் சொல்லவில்லை. நான் காத்திருந்தேன்.

பாத்திரம் கழுவ வந்த சந்திரம்மா உள்ளே நுழைந்ததும் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னா சார் இது? பெரியவரு இப்டி சாஞ்சி கெடக்கறாரு, நீ குந்திகினு கீற? எம்மா நேரமா இப்டி கீறாரு?"

கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தம்மா கத்த ஆரம்பித்தார். தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கும் ஸ்டான்லி ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே காரில் போனேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை, உடலை எடுப்பதற்கு முன்னால், மொட்டைமாடியில் நின்று செல்போனில் கூட்டத்தில் பேசினேன். நிஜ வலியில் இருந்த ஒருவர் கேள்வியைத் தாண்டியிருக்கிறார், கேள்வி இருக்கலாம், இரண்டு பொத்தானுக்கும் நடுவில் இடைவெளி மட்டும் விட வேண்டும் என்றேன். அந்தக் கம்பெனிக்காரர்களுக்குத் திருப்தி. வைஷாலி மட்டும் தமிழில், "யாரு சார் அந்த யூசர்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் லைன் கட்டாகிவிட்டது. மகாபலிபுரத்தில் சிக்னல் அப்படித்தான். மறுநாள் அவள் வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். சின்ன வயசு, இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேண்டும்.

அவர் அழுத்தின அழைப்பு எங்கே போனது, வண்டி ஏன் வரவில்லை என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எங்கேயும் போகவில்லை சார். அது மாதிரிப் பெட்டி. உள்ளே திரையும் பேட்டரியும்தான். லைன் கிடையாது, மணி அடிக்கிற அறையும் இன்னும் கட்டவில்லை. மாமாவிடம் சொல்லவில்லை. கல்யாணியிடமும் சொல்லவில்லை. பொம்மை என்று தெரிந்தால் பொம்மையைத் தொடுகிற மாதிரிதான் தொடுவார்கள். அவர் 'ஆம்' அழுத்தியபோது யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். வருகிறார்களாம் என்று சொன்னபோதும் தெரியும். அந்தக் கூடத்தில் அவருக்கு உதவக்கூடியவன் நான் ஒருவன்தான், அந்த உதவியை நான் தரவில்லை. தெரிந்தே தரவில்லை.

அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் படுக்கிறேன். கல்யாணி வெளியே உட்கார்ந்திருப்பது தெரியும். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம், சரி. ஒன்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் அப்பா எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். கடைசிவரைக்கும் யார் உதவியும் இல்லாமல் தானாகவே செய்து முடித்தார். கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.